மூலையில் உட்கார்ந்த மேடம்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க மேடத்துக்கு ஒரு கை வேண்டும். யார் கையாக இருந்தாலும் சரி. பூ விற்கிறவள், காலேஜ் பையன், டிராபிக் போலீஸ்காரர், யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொள்வார். "கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா, எனக்கு பயமா இருக்கு" என்று சத்தமாகவே கேட்பார். வெட்கமெல்லாம் கிடையாது. எம்.டி. படித்த டாக்டர், எங்களுக்கெல்லாம் சிம்ம சொப்பனம், ஒரு தண்ணி லாரியைக் கண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சம் அது. புது மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிற ஆராய்ச்சிகள் சென்னைக்கு வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். படிப்பை முடித்த கையோடு எங்களைப் போன்ற சின்ன டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று எங்களைப் பழக்குவது மேடத்தின் வேலை. எங்கள் பதவிக்கு இன்வெஸ்டிகேட்டர் என்று பெயர். என் அப்பா அதைக் கேட்டுவிட்டு, பெண் ஏதோ சி.ஐ.டி.யில் சேர்ந்துவிட்டாள் என்கிற தோரணையில் அஸ்தினாபுரம் முழுக்கச் சொல்லிவைத்தார். நானும் மறுக்கவில்லை, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

காலையில் வந்ததும் மேடம் குட்மார்னிங் சொல்ல மாட்டார். ஒவ்வொருவராகப் பார்த்து, "உனக்கு இன்னைக்கு எதுல பயம்?" என்று கேட்பார். பதில் சொல்லியே ஆகவேண்டும். பயமில்லை என்று சொன்னால் தொலைந்தோம். "அப்ப லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போ. பயமில்லாதவங்க என் பேஷண்ட்டைத் தொட வேணாம்" என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் ஒரு நாள், "பல்லியில பயம் மேடம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "எனக்கும்தான்" என்றார். "சரி, பேஷண்ட்ல?"

ஊசி போடும்போது மேடத்தின் கை கொஞ்சம்கூட நடுங்காது. மற்ற எல்லாவற்றிலும் பயம்தான். அறையைப் பூட்டிவிட்டுப் படியிறங்கிப் போய், பாதியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். லிப்டில் தனியாக ஏற மாட்டார். வீட்டுக் கேஸ் மூடியிருக்கிறதா என்று பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் போட்டு எட்டிப் பார்க்கச் சொல்வார். முன்னே எங்கேயோ அவர் பார்த்துக்கொண்ட ஆராய்ச்சியில் யாரோ செத்துப்போனதாக ஒரு பேச்சு இருந்தது. நிஜமா என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்கிற தைரியம் எங்களில் எவருக்கும் இல்லை.

வகுப்பில் அவரே நோயாளியாக நடிப்பார். அதில் மட்டும் அப்படியொரு திறமை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தால் ஆளே மாறிப்போவார். அன்றைக்கு டாக்டர் வேஷம் ஜெபராஜுக்கு. வண்டலூர்க்காரன், எங்களில் கெட்டிக்காரன்.

"இன்னா டாக்டரு, இந்த மாத்திரய துன்னா எனக்கு இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. பயப்படாதீங்க."

மேடம் எழுந்துவிட்டார். "ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ரிஸ்க் ரொம்ப கம்மி மேடம்."

"கம்மின்னா கம்மின்னு சொல்லு. ஒண்ணும் ஆகாதுன்னு முன்னாடியே தெரிஞ்சா நாம எதுக்கு இந்த ஆராய்ச்சி பண்றோம்? நேரா கடையில வித்துடலாமே."

"பயந்துட்டா யாரும் சேர மாட்டாங்க மேடம்."

"சேர வேணாம். பயந்துட்டு வீட்டுக்குப் போகட்டும், நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கட்டும். பேஷண்ட் கிட்ட பொய் சொல்ற டாக்டர் எங்கிட்ட வேணாம். நீ கிளம்பு."

ஜெபராஜ் நிஜமாகவே கிளம்ப வேண்டியதாயிற்று. மறுநாள் வந்து, "எனக்கு உங்களைப் பார்த்தாதான் மேடம் பயம்" என்றான். அந்தப் பதிலை அவர் ஏற்றுக்கொண்டு உள்ளே விட்டார்.

நாங்கள் நோயாளிகளைப் பார்க்கிறபோது மேடம் கூடவே இருப்பார். பேச மாட்டார். அறையின் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பயத்தில் அவர் முகம் இறுகிப்போகும், புருவம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அது பயம் என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பார்த்தால் கடுங்கோபம் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போது சர்க்கரை நோய்க்கு ஒரு புது மாத்திரை. வழக்கமான மருந்தோடு அதையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. என்னிடம் வந்தவர்கள் செவ்வாய்க்கிழமைக்காரர்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்த கரீம் பாய், அஸ்தினாபுரத்தில் இட்லிக் கடை போட்டிருந்த சரோஜாம்மா, வண்டலூரில் தோட்ட வேலை பார்த்து ஓய்ந்த முனுசாமி ஐயா. மூன்று பேரும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். என் மேல் அவ்வளவு பிரியம். சரோஜாம்மா எனக்கென்று மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுவருவார், மேடம் கண்ணில் படாமல் நான் வாங்கி மேஜைக்கடியில் வைப்பேன்.

கரீம் பாய் ஒருமுறை மூலையைக் கண்ணால் காட்டி மெதுவாகக் கேட்டார். "அந்தம்மா யாரு கண்ணு?"

"எங்க மேடம். எங்களுக்கு டிரெயினிங் குடுக்கிறவங்க."

"ஓகோ" என்று தலையை ஆட்டினார். ஏதோ பெரிய விஷயம் புரிந்துவிட்ட ஆட்டல் அது. போகும்போது என்னைப் பார்த்து, எதற்கும் கவலைப்படாதே என்கிற மாதிரி கையை அசைத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்விகளை நான் ஒன்றுவிடாமல் கேட்டேன். வாந்தி உண்டா, மயக்கம் உண்டா, உடம்பு அரிக்கிறதா, மூத்திரம் என்ன நிறம். மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "நல்லாகீறேன் டாக்டரம்மா." மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தவர் என் பதிவுகளைப் புரட்டிவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை என்று பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடத்துக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. "யாருக்குமே ஒண்ணுமே இல்லையா? ஒரு தலைவலிகூடவா இல்ல? வெறும் பச்சைத் தண்ணியக் குடுத்து மருந்துன்னு சொன்னாலே பத்துல ரெண்டு பேருக்குத் தலை வலிக்கும்டி."

"நல்லா இருக்காங்க மேடம். நல்லா இருந்தா நல்லா இருக்கேன்னுதானே சொல்லுவாங்க?"

"தெரியல. எனக்கு பயமா இருக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்டூலை மூலையிலிருந்து இழுத்து, நோயாளிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தையும் தப்பக்கூடாது என்று அவர் எண்ணம். கரீம் பாய் அன்றைக்கு இன்னும் உரக்க, இன்னும் பெரிய சிரிப்போடு, "சூப்பரா கீறேன்" என்றார்.

பிறகு ஒரு மழைக்காலக் காலை. பாயின் மனைவி ஜமீலா அக்கா அவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். பக்கத்தில் போய் அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளை விழி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். கட்டிலில் படுக்க வைத்தால் கண் தானாகச் செருகுகிறது. ஈரல் கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை. மேடம் ஓடிவந்து கட்டிலருகில் நின்றார்.

"பாய், எத்தனை நாளா இப்படி இருக்கு? வாந்தி இருந்துதா?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, வறண்ட உதட்டை விரித்துச் சிரிக்கப் பார்த்தார். "நல்லாத்தான் கீறேன் டாக்டரம்மா."

அறிவு மங்கிவிட்டதோ என்று நினைத்தேன். ஜமீலா அக்கா அழுதுகொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் அந்த நிலையிலும் அவரை ஒரு முறை முறைத்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் அதைப் பார்த்துவிட்டார். பாயின் கண் எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று கொஞ்ச நேரம் கவனித்தார். அவர் முகத்தில் மெல்ல ரத்தம் வற்றியது. "நான் வெளியே போறேன்" என்று என் காதில் சொன்னார். "நான் போனப்புறம் கேளு."

கதவு சாத்தியதும் பாய் கேட்டார். "பூட்டாங்களா?"

"போயிட்டாங்க பாய்."

"இன்னிக்கு உனுக்கு மார்க் போட்டாங்களா?"

"என்ன மார்க்கு?"

"பரீட்சை நடக்குதுல்ல கண்ணு உனுக்கு. அந்தம்மா மூலைல குந்திகினு மார்க் போடுது. எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கு எதுனா ஆயிட்ச்சுன்னா உன்ன பெயிலாக்கிடுவாங்க. அதான் நாங்க மூணு பேரும் பேசி வெச்சிகினோம். யாரு இன்னா கேட்டாலும் நல்லாகீறேன்னே சொல்றதுன்னு."

அப்புறம்தான் எல்லாம் வந்தது. தீபாவளிக்கு முன்னாலிருந்தே குமட்டல். சோறு இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் அரிப்பு. மூத்திரம் டிகாஷன் கணக்காய். போன செவ்வாய்க்கிழமை, சூப்பர் என்று சொன்னாரே, அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வாந்தியெடுத்து வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்ததால் அதிலும் எங்களுக்குச் சிக்கவில்லை. ஜமீலா அக்கா போன் செய்யப் போனபோது போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். எனக்காக. அவருக்கு ஒட்டுமில்லாத உறவுமில்லாத எனக்காக. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. மூணு பேரும் என்று சொன்னாரே, மற்ற இரண்டு பேர்?

பாயைத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு ஓடினேன். வராந்தாவில் மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சொன்னேன். "என்னைப் பார்த்தா மறைச்சாங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். பிறகு பல் கிட்டித்துக்கொள்கிற அளவுக்கு நடுங்கினார். ஆபத்து வந்ததும் தெளிந்துவிடுவார் என்றெல்லாம் நினைக்காதீர்கள், அப்படியொன்றும் நடக்கவில்லை. நடுங்கிக்கொண்டேதான் கம்பெனிக்குப் போன் செய்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார், நடுங்கிக்கொண்டேதான் மற்ற நோயாளிகளையெல்லாம் உடனே வரவழைக்க ஜெபராஜை உட்காரவைத்தார். சரோஜாம்மாவுக்கும் முனுசாமி ஐயாவுக்கும் போன் கிடையாது. மழையில் ஒரு ஆட்டோவைப் பிடித்தோம். வழியெல்லாம் மேடம் என் மணிக்கட்டை விடவே இல்லை. அந்தக் கை ஜில்லிட்டிருந்தது.

சரோஜாம்மா வாசலிலேயே நின்றார். "வாங்கம்மா, மழைல இன்னா இது. நான் நல்லாகீறேன்."

மேடம் ஈரப்புடவையோடு அவர் எதிரே நின்றார். "அம்மா, கேளுங்க. இவளுக்குப் பரீட்சை எதுவும் இல்ல. நான் மார்க் போடல. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செஞ்சா சொல்லுங்க, தயவுசெஞ்சு."

சரோஜாம்மா என்னைப் பார்த்துக் கள்ளத்தனமாகச் சிரித்தார். "நீங்க அப்டிதான் மேடம் சொல்லுவீங்க. டாக்டரம்மா தங்கமான பொண்ணு. நான் நல்லாகீறேன்."

மஞ்சள் இருக்கிறதா என்று கண்ணைப் பார்க்கலாமென்றால் மழை மூட்டத்தில் வெளிச்சமே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டோம். கடைக்கு மாவு அரைக்கணும், செவ்வாய்க்கிழமை வரேன் என்றார். மேடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் கண்ணை மூடினார், லாரி வரும்போது மூடுகிற மாதிரி. திறந்தபோது சொன்னார்.

"சரிம்மா. பரீட்சைதான். ஆனா பேஷண்ட் உள்ளதை உள்ளபடி சொன்னாதான் இவளுக்குப் பாஸ். மறைச்சா பெயில்."

என் காதையே நம்ப முடியவில்லை. ஜெபராஜை வெளியே துரத்திய அதே வாய்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் சரோஜாம்மா. கடகடவென்று கொட்டினார். வாய்க்கசப்பு, அரிப்பு, மஞ்சள் மூத்திரம், பாய்க்கு இருந்த அத்தனையும். கேட்கக் கேட்க மேடம் என் மணிக்கட்டை நசுக்கிவிட்டார். அதே ஆட்டோவில் அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் வேறு ஆட்டோ பிடித்து வண்டலூர் போனோம்.

முனுசாமி ஐயாவிடம் மேடம் எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார். உள்ளதைச் சொன்னால்தான் பாஸ் என்று. ஐயா ஆர்வமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவலி என்றார். மூட்டுவலி என்றார். மயக்கம், நெஞ்சு படபடப்பு, காதில் ரயில் ஓடுகிற சத்தம். "இன்னும் வேணுமா கண்ணு? எல்லாத்தியும் எழுதிக்க. பாஸாயிடுவல்ல?"

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்னதில் எது நிஜம், எது எனக்குப் போட்ட மார்க்கு, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மேடம் என் பக்கம் குனிந்து, "பார்த்தியா, நான் பண்ணினதை" என்றார். "இனிமே இவர் என்ன சொன்னாலும் நமக்கு ஒண்ணும் தெரியாது." ஐயாவையும் கையோடு கூட்டிவந்து ரத்தம் எடுத்தோம். அவருக்கு ஒன்றுமே இல்லை. யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி ஒட்டிவைத்திருந்த ரகசிய உறையைப் பிரித்துப் பார்த்தபோது அவர் சாப்பிட்டது வெறும் மாத்திரை என்று தெரிந்தது. பாயும் சரோஜாம்மாவும் சாப்பிட்டது நிஜ மருந்து.

சரோஜாம்மா சீக்கிரம் தேறினார். பாய் தேறுவாரா என்று ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது கட்டில் காலியாக இருக்குமோ என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன். மேடம் யாரையும் எதில் பயம் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். தான் பொய் சொன்னதையும், தன்னைப் பார்த்துதான் நோயாளிகள் மறைத்தார்கள் என்பதையும் அவரே, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கிற எத்திக்ஸ் கமிட்டிக்கு முன்னால் போய்ச் சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பாய் சாதாரண வார்டுக்கு வந்து, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் மேடம் அவரைப் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிப்போனார். பாய் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பரீட்சைன்னு ஒண்ணு கிடையாது. எப்பவுமே இருந்ததில்ல. நீங்க மறைச்சதால இவளுக்கு ஒரு நல்லதும் நடக்கல. நீங்க சாகக் கிடந்ததுதான் மிச்சம். அதை உங்களுக்கு முன்னாடியே புரியவைக்காதது என் தப்பு."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

"இன்னா மேடம் பேசறீங்க?" என்றார். குரல் ஏறியது. "பரீட்சையே இல்லியா? அப்ப நான் எதுக்கு வாய மூடிகினு கெடந்தேன்? கொடலு வெளிய வந்துச்சு வாந்தி எடுத்து. எம் பொண்டாட்டி அழுதுகினே கெடந்தா, இவள அடிக்கப் போனேன் நான். உங்க மாத்திரய குடுத்துட்டு, மூலைல குந்திகினு, மொறச்சிகினு. உங்க மூஞ்சியப் பாத்தா எவனுக்கு மேடம் வாயி வரும்? டாக்டரா நீங்கள்லாம்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்தாள். ஜமீலா அக்கா அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். ஒரு நோயாளி டாக்டரைப் பார்த்து அப்படிக் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. என்னையும் கத்துவாரோ என்று கதவோரம் ஒதுங்கினேன். மேடம் ஒதுங்கவில்லை. நர்ஸைக் கையால் தடுத்தார். பாயின் கட்டிலுக்கு இன்னும் ஓரடி கிட்டப் போய் நின்றார். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் சொல்லுங்க பாய்" என்றார்.

பாய் மூச்சு வாங்கினார். பிறகு, முதல் மாத்திரையை முழுங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தார்.